வண்டலூர் வளாகமும் வட்டியில்லாக் கல்வியும்

1950களின் நடுவில் இராமேசுவரத்து மரைக்காயர் குடும்பத்து இளைஞர் ஒருவருக்குக் குரோம்பேட்டை மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் விமானப் பொறியியல் பயில இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. படகை நம்பி வாழ்ந்த அக்குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. அவருடைய அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். அந்த நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் மீட்டுத் தருவதென்று அந்த இளைஞர் உறுதிபூண்டார். அவர் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவருடைய தன்வரலாற்றிலேயே இச்செய்தி உள்ளது.

குரோம்பேட்டையில் புறநகர் மின்தொடர்வண்டி ஏறினால் நான்காவது நிலையம் வண்டலூர். கலாம் படித்து வெளியேறி ஒரு தலைமுறை கழிந்தபின், 1984இல், அங்கே கிரசண்ட் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே இராமநாதபுரம் கடற்கரையின் இன்னொரு மரைக்காயர் ஊரான கீழக்கரையில் பிறந்தவர் அதை நிறுவினார். இனிமேல் ஒரு கடற்கரை வீட்டு மாணவன் பொறியியல் படிக்க அக்காளின் நகை அடகுக்குப் போக வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அன்று சமுதாயத்தில் எழுந்தது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம் முதலான ஊர்களின் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகத்தில் வாழ்ந்தவர்கள். பையனுக்கு மீசை அரும்பும் வயதில் கொழும்புக்கோ பினாங்குக்கோ இரங்கூனுக்கோ கப்பலேற்றிவிடுவது வழக்கம். கடையில் கணக்குப் பழகுவதே அவனுக்குக் கல்லூரி. ஆங்கிலக் கல்வி ஈமானைக் குலைக்கும் என்ற அச்சம் ஆலிம்களில் ஒரு சாராரிடம் இருந்தது உண்மை. ஆனால் நம் பின்னடைவு முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமன்று. வணிகம் சோறு போட்ட வரையில் பட்டத்தின் தேவையை யாரும் உணரவில்லை என்பதே பெரிய காரணம்.

அந்த வணிகம் நம் கண்முன்னேயே நொறுங்கியது. 1948க்குப் பின் இலங்கையின் குடியுரிமைச் சட்டங்கள் இந்திய வணிகர்களை அந்நியராக்கின. 1962இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி வணிகத்தைத் தேசியமயமாக்கியதும், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு நம்மவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளின் வாசல் திறந்தது. அங்கே பழைய வணிகச் செல்வாக்குக்கு மதிப்பில்லை. கையில் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையாளர். இல்லாதவர் வெயிலில் நிற்பவர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே விமானத்தில் போய் இறங்கி, இரு வேறு வாழ்க்கை வாழ்ந்ததை நம் வீடுகள் கண்டன.

இந்தச் சூழலைத்தான் மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் நன்கறிந்திருந்தார். 1927இல் கீழக்கரையில் பிறந்து, இளம் வயதிலேயே இலங்கை சென்று, இரத்தின வணிகத்தில் வளர்ந்தவர் அவர். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது அவருடைய குழுமத்தைச் சேர்ந்த ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் நிறுவனம். அதே ஆண்டில் துபையில் ஈ.டி.ஏ. தொடங்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பெற்றார்கள். எங்கள் ஊரில் ஈ.டி.ஏ. விசா கிடைத்தது என்றால் கல்யாணப் பேச்சே தொடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் என்ற முறையில், நம் பிள்ளைகளிடம் எது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இல்லாததைக் கொடுக்க அவர் கல்லூரி கட்டினார். 

அந்த அறப்பணிக்கு அவர் சூட்டிய பெயரையும் கவனிக்க வேண்டும். கல்லூரியை நடத்த அமைந்தது சீதக்காதி அறக்கட்டளை. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியை இறந்த பின்னும் ஈந்தவர் என்று தமிழகம் நினைவுகூர்கிறது. மனிதன் இறந்த பின்னும் நன்மை வந்துகொண்டிருக்கும் தர்மத்தை மார்க்கம் ஸதக்கத்துல் ஜாரியா என்று கூறுகிறது. தமிழ் மரபும் தீனும் ஒரே கருத்தில் சந்திக்கும் பெயர் அது. நிறுவனர் 2015 ஜனவரியில் வஃபாத்தானார். ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய அந்த நீரை இனிக் காக்க வேண்டியவர்கள் பின்வந்தவர்களே.

கல்லூரி பிறந்த ஆண்டும் தற்செயலானதன்று. அதற்கு முன் தமிழகத்தில் தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் அரசு உதவி பெறும் கல்லூரி என்றே பொருள். கட்டடமும் நிலமும் கொடையாளருடையவை. ஆசிரியர் சம்பளம் அரசினுடையது. 1951இல் தொடங்கிய சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் அவ்வழியில் வளர்ந்தவை. ஏழை மாணவர் அங்கே சொற்பக் கட்டணத்தில் படிக்க முடிந்தது அதனால்தான். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தபோது கணக்கு தலைகீழானது. சம்பளம், ஆய்வகம், பராமரிப்பு எல்லாம் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். கிரசண்ட் அந்த முதல் அணியில் பிறந்தது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தென்சென்னைப் புறநகர்களில் அடுத்தடுத்துக் கல்லூரிகள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். வண்டலூர் அன்று நகரத்துக்கு வெளியே இருந்த சிற்றூர். உயிரியல் பூங்கா அங்கே திறக்கப்பட்டதே 1985இல்தான். இன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அங்கே வந்து, நெரிசலில் தாம்பரத்தையும் மிஞ்சிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும் பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும் இருந்த கல்லூரி, 2008-09இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. பெயர்களும் மாறின. பல்கலைக்கழகம் என்று எழுதிய பலகையை, உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்குப் பின் நாட்டின் ஏனைய நிகர்நிலை நிறுவனங்களைப் போலவே இதுவும் மாற்ற நேர்ந்தது. இன்று அதன் முழுப்பெயர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசண்ட் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். ஊர் மக்களுக்கு என்றும் அது கிரசண்ட்தான்.

அந்த வளாகத்தை நாம் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் கட்டடங்கள் அல்ல. பொறியியல் கூடங்கள் இருக்கும் அதே சுவருக்குள் பள்ளிவாசல் இருக்கிறது. புகாரி ஆலிம் அரபிக் கல்லூரியும் இருக்கிறது. மார்க்கக் கல்வி என்றும் உலகக் கல்வி என்றும் இல்மை இரண்டாகப் பிளந்து, ஒன்றை ஏழைப் பிள்ளைக்கும் மற்றொன்றை வசதியுள்ள பிள்ளைக்கும் பங்கிட்டுவிட்ட சமுதாயம் நம்முடையது. இங்கே மின்னணுவியல் மாணவனும் ஓதும் பிள்ளையும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று லுஹர் தொழுகிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு வரிசை புரியவைக்கும்.

வெளியே படிக்கும் நம் பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வக வகுப்பு இருந்தால், வருகைப் பதிவா ஜும்ஆவா என்ற தவிப்பு. அஸர் தொழ மாடிப்படியின் அடியில் இடம் தேடுவது. ரமளானில் விடுதி உணவுக்கூடம் ஸஹருக்குத் திறக்காததால் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு வைப்பது. இவை பெரிய துன்பங்கள் அல்ல. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை தன் தீனை ஓர் இடையூறாக எண்ணத் தொடங்குவது இத்தகைய சிறு இடங்களில்தான். தொழுகையைக் கணக்கில் கொண்டு நாளை வகுத்துள்ள ஒரு வளாகம், அந்த எண்ணம் முளைக்காமல் காக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே சொல்ல வேண்டும். பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்புவதா என்று தயங்கிய எத்தனையோ கடற்கரைக் குடும்பங்கள், பள்ளிவாசல் உள்ள வளாகம், ஹிஜாபை வேடிக்கையாகப் பார்க்காத வகுப்பறை என்ற காரணங்களால்தான் இணங்கின. அவ்வாறு படித்த பெண்களின் மகள்கள் இன்று கல்லூரி வயதில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இணக்கம் பெற வேண்டிய தேவையே இல்லை.

சிறுபான்மை நிறுவனம் என்றால் சிறுபான்மையினருக்கு மட்டும் உரியது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வண்டலூர் வளாகத்தில் எல்லாச் சமயத்து மாணவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நம் பெரியவர்கள் எத்தனையோ பேர் படித்தார்கள். அந்தக் கல்லூரி அவர்களுக்குச் செய்ததை நம் கல்லூரி பிறருக்குச் செய்கிறது. நல்ல அண்டை வீட்டாருக்கு அழகு அதுவே.

இனி, கசப்பானாலும் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

நிகர்நிலைத் தகுதி கல்லூரிக்குப் பாடத்திட்டச் சுதந்திரம் தந்தது. சட்டம், மருந்தியல் எனப் புதிய துறைகளுக்கும் ஆய்வுக்கும் வழிவிட்டது. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே தகுதி ஒரு வாசலை ஓசையின்றி மூடியது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் இருந்தவரை அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே நிரம்பின. மதிப்பெண் உள்ள ஏழை மாணவர் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் உள்ளே வரலாம். நிகர்நிலை நிறுவனங்கள் அந்தக் கலந்தாய்வில் இல்லை. 2010-11இல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வில் வருவோருக்கு உரியது. 2021இல் வந்த, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியேதான். 2007இல் நாம் போராடிப் பெற்ற 3.5 விழுக்காடு முஸ்லிம் இட ஒதுக்கீடு சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்தாது.

இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் விந்தையான ஒரு முடிவு கிடைக்கிறது. முதுகுளத்தூர் அரசுப் பள்ளியில் படித்த ஓர் ஏழை முஸ்லிம் மாணவி, அரசின் செலவில் வேறு பல கல்லூரிகளில் பொறியியல் படிக்கலாம். அவளைப் போன்றவர்களை எண்ணிச் சமுதாயம் கட்டிய வளாகத்தில் அந்தச் சலுகையோடு நுழைய முடியாது. இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. சட்டத்தின் பல கதவுகள் தனித்தனியாக அசைந்து, கடைசியில் அவள் முன்னால் ஒரு சுவராகச் சேர்ந்துவிட்டன. நிர்வாகம் உதவித்தொகைகள் வழங்குகிறது என்பதை நன்றியோடு பதிவுசெய்கிறோம். ஆனால் கட்டணத்திலேயே ஓட வேண்டிய நிறுவனம் கட்டணத்தை எவ்வளவுதான் விட்டுக்கொடுக்க முடியும்?

எஞ்சியிருப்பது வங்கிக் கல்விக் கடன். இங்கேதான் நாம் மௌனமாகிவிடுகிறோம். வட்டியைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் எவ்வளவோ பேசப்படுகிறது. அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்த பாவம் அது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும் ஜூன் மாதத்தில் வங்கி வரிசையில் நிற்கும் தகப்பனுக்கு மேடை எந்த மாற்றையும் காட்டுவதில்லை. ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அவர் குற்ற உணர்வோடு கையெழுத்திடுகிறார். 

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் ஆறு லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் தனிவட்டியாக ஏறிக்கொண்டிருக்கும். முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 8 லட்சத்து 10 ஆயிரம். பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 10,700 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 12 லட்சத்து 84 ஆயிரம் கைமாறியிருக்கும். ஒரு பட்டத்துக்கு இரண்டு பட்டங்களின் விலை. தொடக்கச் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போகிற இளைஞன் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான். பிடித்த வேலையை விட்டுக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்கிறான். அரசின் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் வழங்கும் கடனில் வட்டி குறைவு. ஆனால் அதுவும் வட்டிதான். நிர்ப்பந்த நிலையில் இக்கடன் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் ஃபத்வா வழங்க வரவில்லை. ஆனால் நிர்ப்பந்தத்தை நீக்கும் ஆற்றல் உள்ள ஒரு சமுதாயம், அதை நீக்காமல் வைத்துக்கொண்டு, நிர்ப்பந்தத்துக்கான சலுகையை எத்தனை தலைமுறைக்குக் கோர முடியும் என்று கேட்கிறோம்.

வளைகுடாவின் ஈரமும் வற்றி வருகிறது. சவூதி அரேபியாவில் 2017 முதல் உடன் வாழும் குடும்பத்தினருக்கு ஆள் ஒன்றுக்கு மாதக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஜித்தாவிலும் தம்மாமிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுடன் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. தகப்பன் அங்கே, பிள்ளைகள் இங்கே, செலவு இரண்டு இடத்திலும். முன்பு தயங்காமல் கல்லூரிக் கட்டணம் கட்டிய வீடுகளே இன்று கடன் விண்ணப்பம் எழுதுகின்றன.

மார்க்கம் இதற்கு வழி சொல்லாமல் விடவில்லை. கர்ழன் ஹஸனா எனும் அழகிய கடனைக் குர்ஆன் அல்லாஹ்வுக்கே கொடுக்கும் கடனாக உயர்த்திப் பேசுகிறது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதின் நிழாமிய்யா மதரஸாவில் மாணவருக்கு உறைவிடமும் உதவித்தொகையும் வக்ஃபு வருவாயிலிருந்து வந்தன. இமாம் கஸ்ஸாலி பாடம் நடத்திய இடம் அது. கட்டடத்தை ஒரு கொடையாளர் எழுப்புவது, அதில் படிப்போரின் செலவைத் தொடர்ந்த வருவாயுள்ள வக்ஃபு ஏற்பது என்ற அந்த இரட்டை ஏற்பாட்டில், நாம் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பி.எஸ்.ஏ. அவர்கள் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார். மறுபாதி ஒரு தனிமனிதரின் பங்கு அன்று.

1988இல் முதல் அணி பட்டம் பெற்று வெளியேறியதிலிருந்து எத்தனை அணிகள் வந்திருக்கின்றன! முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பிரியாணியும் நினைவுப் பரிசும் நன்றாகவே இருக்கின்றன. நாம் அவற்றுக்கு எதிரி அல்லோம். அதே மண்டபத்தில் ஆயிரம் பேர் மாதம் இரண்டாயிரம் ரூபாய் தருவதாகப் பெயர் கொடுத்தால், ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் சேரும். ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சம் என்று கொண்டால் 160 மாணவரின் ஓராண்டுக் கட்டணம் அது. அதைத் தானமாகக் கொடுத்தால் ஒருமுறையோடு முடிந்துவிடும். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால், படித்தவர் வேலைக்குப் போய்த் திருப்பிச் செலுத்த, அதே பணம் அடுத்தவருக்குப் போகும். ஆறு லட்சம் பெற்றவர் ஆறு லட்சமே தருவார். மாதம் ஐயாயிரம் வீதம் பத்து ஆண்டுகள். 

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஜகாத் பணத்தைச் சுழற்கடனுக்குப் பயன்படுத்தலாமா என்பதில் கவனம் வேண்டும். நம் கடற்கரை மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் சரி, ஹனஃபியிலும் சரி, ஜகாத் உரியவரின் உடைமையாகவே ஆகிவிட வேண்டும். எனவே ஏழை மாணவருக்கு ஜகாத்தை அப்படியே வழங்கிவிடலாம். கடன் நிதிக்கு ஸதகாவும் சந்தாவுமே தக்கவை. முன்பே வட்டிக் கடனில் சிக்கித் தத்தளிக்கும் பட்டதாரி, குர்ஆன் வகுத்த எட்டுப் பிரிவினரில் கடனாளி என்ற பிரிவில் வருவாரா என்று உள்ளூர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுவது நல்லது. இரண்டாவது, கணக்கு. பதிவுபெற்ற அறக்கட்டளை, ஆண்டுதோறும் தணிக்கை, யார் பெற்றார் என்ற பெயரை மறைத்து எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்பதை மட்டும் வெளியிடும் ஒழுங்கு ஆகியவை இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் நிதி படுத்துவிடும். கடனைத் திருப்பித் தராதவர்கள் இருப்பார்கள் என்பதையும் முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பயந்து நிறுத்திவிடுவதற்காக அதைச் சொல்லவில்லை. ஸதகாவாகத் தள்ளுபடி செய்ய ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதற்காகச் சொல்கிறோம்.

கல்லூரி நிர்வாகம் தொடங்கட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி வட்டாரப் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் தத்தம் மஹல்லாவில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்தாலே பாதி வேலை முடியும். யார் எந்தக் கல்லூரிக்குப் போக இருக்கிறார், எவ்வளவு குறைகிறது என்ற இரண்டு கேள்விகள் போதும். முதலில் கலந்தாய்வில் விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைச் சான்றிதழ், அரசுப் பள்ளி ஒதுக்கீடு, 3.5 விழுக்காடு ஆகியவற்றில் கிடைப்பதை விட்டுவிடக் கூடாது. அதன்பின்னும் வண்டலூர் வளாகத்தையோ வேறொரு தனியார் கல்லூரியையோ தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்குக் குறையும் தொகையை ஜமாஅத் நிதி கடனாகத் தரட்டும். இத்தனைக்கும் தேவை மாலை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசலில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, கணக்குத் தெரிந்த இரண்டு பேர். தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. வங்கி வரிசை ஜூனில் தொடங்குகிறது. மேசையை அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.